யாருடைய சாயங்காலம்?

அழைப்பாணையைக் கொண்டுவந்த கான்ஸ்டபிள் பிளம் ரிட்ஜ் ஏற்றத்தில் ஏறி மூச்சு வாங்கி நின்றபோது, இசில்மா நான்டன் தம் வீட்டு முற்றத்தில் இஞ்சி மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். அன்று திங்கட்கிழமை. டிரினிடாடுக்குச் செல்லும் சரக்குப் படகு வியாழக்கிழமை கிளம்பும். மூட்டைகள் புதன்கிழமைக்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும். தாளைப் படித்துப் பார்த்தவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"உங்க நீதிபதி வந்து என் மூட்டையத் தைப்பாரா?"

"அவரு வர மாட்டாரு, மிஸ் இசில்மா. நீங்கதான் போகணும். ஜூரில உங்க பேரு விழுந்திருக்கு."

"போனா என்ன குடுப்பாங்க?"

"மதியச் சாப்பாடு உண்டு. கோழி."

"கோழியா, கோழி முதுகா?"

கான்ஸ்டபிளுக்கு அந்த விவரம் தெரியவில்லை. இந்த உரையாடலைப் பிற்காலத்தில் இசில்மா சந்தையில் பல முறை நடித்துக் காட்டியிருக்கிறார். கான்ஸ்டபிள் மூச்சு வாங்குவதையும் அவரே வாங்கிக் காட்டுவார்.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. தந்தை கூவைக் கிழங்குத் தோட்டத்தில் கூலி. தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்த ஆண்டில், பதின்மூன்றாம் வயதில் இசில்மா பள்ளியை விட்டார். முதலில் தலைச்சுமையாகச் சேம்பும் ஈரப்பலாவும் டவுன் சந்தைக்குக் கொண்டு சென்றார். பத்தொன்பதாம் வயதில் முதன்முறையாகப் படகேறி டிரினிடாடுக்குப் போனார். கடல்நோயில் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தும், இறங்கியவுடன் பன்னிரண்டு மூட்டைச் சேம்பையும் விற்றுவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாராம். கணவர் ஆர்மண்ட் படகுத் தச்சர்; ஒரு வேலைக்காகப் பக்கத்துத் தீவுக்குச் சென்றவர் அங்கேயே இன்னொரு வீட்டையும் கட்டிக்கொண்டார். மூன்று பிள்ளைகளை இசில்மாவின் மூட்டைகளே வளர்த்தன. இதைக் குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆர்மண்ட் நல்ல தச்சன். ரெண்டு வீட்டுலயும் கூரை ஒழுகல," என்பார்.

தீவுக்குத் தீவு சென்று வியாபாரம் செய்பவருக்கு ஒரு பாடம் விரைவில் கிடைத்துவிடும்: ஒரே பழத்துக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு பெயர், ஒரே பெயருக்கு வேறு வேறு பழங்கள். வெண்ணெய்ப்பழத்தை நாங்கள் பேரிக்காய் என்போம். டிரினிடாட் வியாபாரி பேரிக்காய் என்றால் வேறொன்றை எதிர்பார்ப்பார். ஆகவே இசில்மா பெயரைச் சொல்லி எதையும் விற்பதில்லை. தூக்கிக் காட்டித்தான் விற்பார். வாங்குகிறவர் எதைக் கேட்கிறார் என்பதில் ஐயம் எழுந்தால், வெட்கமின்றி மறுபடியும் கேட்பார். இது அவருடைய தொழில் ஒழுக்கம்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மார்ச் அமர்வில் அவர் ஜூரியாக அமர்ந்த வழக்கு கோஸ்மஸ் டெல்பேஷ் என்பவனுடையது. கொலை அல்லாத வழக்குக்கு எங்கள் தீவில் ஒன்பது பேர் ஜூரி. உங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுங்கள் என்று எழுத்தர் சொன்னதும், ஜூரிப் பெட்டியிலேயே சிறு கூச்சல் எழுந்தது. நான் பார்வையாளர் வரிசையில் இரண்டாவது பெஞ்சில் இருந்தேன். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நீதிமன்ற அமர்வுகளைத் தவறவிடுவதில்லை.

"மிஸ் இசில்மாவப் போடுங்க. அவங்க சந்தையில கூப்பிட்டா துறைமுகத்துல படகு திரும்பிப் பாக்கும்," என்றான் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன்.

"குரல் பெருசுன்னா தலைவியா? அப்ப கழுதையையே போடலாமே," என்றார் இசில்மா.

"கழுதைக்கு அழைப்பாணை வரலையே, மிஸ்."

அப்படியாக அவர் தலைவியானார். முன்வரிசையின் ஓர நாற்காலியில், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியுடன், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

வழக்கின் சங்கதி சுருக்கமானது. சாண்ட்ஃபீல்ட் கிராமத்தில் ஆல்ஸ்டன் ஹடாவே என்பவர் ஒரு சிறு கடை வைத்திருந்தார். முந்தைய ஆண்டு நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறு மணி கடந்த சற்று நேரத்தில், கடையின் பின்கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அவரை யாரோ பின்னாலிருந்து அரிவாளால் தோளில் வெட்டிவிட்டு ஓடினான். இருட்டிவிட்டதால் முகத்தை அவர் பார்க்கவில்லை. நேரத்தில் ஐயமில்லை: வானொலியில் இறப்பு அறிவிப்புகள் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தன; அவை ஆறு மணிக்குத்தான் தொடங்கும். ஹடாவேயின் இடக்கை அதன்பின் தோளுக்கு மேல் உயரவேயில்லை.

கோஸ்மஸுக்கு இருபத்து நான்கு வயது. மலைமேல் சிறு நிலத்தில் சேம்பு பயிரிடுகிறவன். தாய் தந்தை இல்லை. வளர்த்தவர் அத்தை வெர்லின். வெட்டு நடப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், டாமினோ ஆட்டத்தில் ஹடாவே அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல, அவன் பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போயிருந்தான். போலீஸார் அவனைத் தேடிப் போனதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், கடைக்கு எதிர்வீட்டு யூலாலி பாம்பியின் சாட்சியம்.

"அன்னைக்குச் சாயந்தரம் கோஸ்மஸ் கடைக்குப் பின்னால இருந்து வந்தான். கையில அரிவாள் இருந்துச்சு," என்றார் யூலாலி. அரசு வழக்கறிஞர் அதற்கு மேல் கேட்காமல் அமர்ந்துகொண்டார்.

கோஸ்மஸுக்கு வாதாடியவர் செல்வி லாவியா என்னும் இளம் வக்கீல். டவுனில் பிறந்தவர். சாட்சியின் கண்பார்வையை அசைத்துப் பார்ப்பது அவருடைய திட்டம்.

"எவ்ளோ தூரத்துல இருந்து பாத்தீங்க?"

"இங்க இருந்து அந்த மேசை வரைக்கும்."

"அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கொடியில துணி எடுத்து மடிச்சிட்டிருந்தேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு. இஸ்கூல் கூட இன்னும் விடல."

"கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"பைபிள் படிக்கத்தாம்மா எனக்குக் கண்ணாடி. ஆளப் பாக்கறதுக்கு இல்ல."

நீதிமன்றம் சிரித்தது. செல்வி லாவியா முகம் சிவந்து அமர்ந்தார். நீதிபதி தம் குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டார்.

கோஸ்மஸ் போலீஸாருக்குக் கொடுத்த வாக்குமூலமும் படிக்கப்பட்டது. 'ஆமா, சாயந்தரம் அந்தப் பக்கமா வந்தேன். மலையில இருந்து வீட்டுக்கு அதான் குறுக்கு வழி. அரிவாள் கையில இருந்துச்சு. அப்புறம் வீட்டுல தூங்கிட்டேன்.' தூங்கியதைப் பார்த்தவர் எவரும் இல்லை. அத்தை அன்று டவுனில் இருந்தார். கூண்டில் நின்றபோதும் அவன் இதையே திரும்பச் சொன்னான். தன்மேல் குற்றம் நிரூபணமானால் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் என்பது அவனுக்குத் தெரியும். 

நீதிபதி எவரார்ட் ஸ்கீட் இங்கிலாந்தில் முப்பதாண்டுகள் வக்கீலாக இருந்துவிட்டு எங்கள் தீவுகளுக்குத் திரும்பியவர். அவர் பேசுவது அச்சுக்குத் தயாரானது போலிருக்கும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் எத்தனை தொடர்கள் வந்தாலும் அவர் வழி தவறியதில்லை. அதற்காகவே நான் அவருடைய அமர்வுகளுக்கு விரும்பிச் சென்றேன். மூன்றாம் நாள் காலையில் அவர் ஜூரியின் பக்கம் திரும்பி அறிவுரை சொல்லத் தொடங்கினார்.

"சட்டம் எது என்பதை நான் சொல்வேன், அதை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டும். நடந்த சங்கதி எது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பொறுப்பு," என்று முறையாகத்தான் தொடங்கினார். குற்றத்தின் கூறுகளை விளக்கினார். பிறகு சாட்சியத்துக்கு வந்தார்.

"மாலை நேரத்தில், அந்தி சாயும் பொழுதில், இந்த மனிதர் அரிவாளுடன் கடைக்குப் பின்னாலிருந்து வந்ததைத் திருமதி பாம்பி பார்த்திருக்கிறார். திரு ஹடாவே வெட்டப்பட்டதும் மாலையில். குற்றம் சாட்டப்பட்டவரோ மாலையில் தாம் அங்கே இருந்ததையும், கையில் அரிவாள் இருந்ததையும் ஒப்புக்கொள்கிறார். மூன்றும் ஒரே நேரத்தைச் சுட்டுகின்றன. தாம் வேறெங்கோ இருந்ததாகக் காட்ட அவர் ஒரு சாட்சியையும் அழைக்கவில்லை. இதற்கு மேல் உங்களுக்கு என்ன தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை."

அந்த வாக்கியங்களில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. நான் தலையசைத்தேன். அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

எங்கள் தீவில் மதியச் சோறு உண்டு கைகழுவினால் சாயங்காலம் தொடங்கிவிடும். இரண்டு மணியும் சாயங்காலம். நான்கு மணியும் சாயங்காலம். ஆறு மணிக்கு இருட்டியபின் வருவது இரவு, அந்நேரத்தில் ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது 'நல்லிரவு' என்று சொல்லித்தான் நுழைவார், விடைபெறும்போது அல்ல. இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் பள்ளியில் நாங்கள் அப்படிக் கற்பிப்பதில்லை. 'மூன்று மணிச் சாயங்காலம்' என்று எழுதிய பிள்ளைகளின் கட்டுரைகளில் முப்பத்தோர் ஆண்டுகள் சிவப்பு மையால் அடித்து, மேலே 'பிற்பகல்' என்று எழுதியவள் நான். கல்வி பெற்றவர்கள் நுழையும் இடத்தில் கல்வி பெற்ற சொல்லே செல்லும் என்று எங்களைப் போன்றவர்கள் ஒரு தீவையே பழக்கிவிட்டோம். ஆகவே நீதிபதி 'மாலை' என்றபோது, அவர் மொழிபெயர்க்கிறார் என்பது எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை. யூலாலிக்கும் உறைக்கவில்லை. கூண்டில் நின்றவனுக்கே உறைக்கவில்லை. தான் சொன்னதைத்தான் நீதிபதியும் சொல்கிறார் என்று அவன் எண்ணியிருப்பான்.

பதினொன்றரை மணிக்கு ஜூரி உள்ளே சென்றது. கோஸ்மஸின் அத்தை வெர்லின் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"எவ்ளோ நேரம் ஆகும், டீச்சர்?"

"அத யாராலயும் சொல்ல முடியாது, வெர்லின்."

"நீதிபதி சொன்னதப் பாத்தா, உள்ள போயி செருப்பக் கூடக் கழட்டாம திரும்பி வந்துடுவாங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. ஜூரிக்குச் சாப்பாடு போயிற்று. ஒன்றே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது.

ஒன்பது பேரும் வந்து நின்றார்கள். எழுத்தர் கேட்டார்: "முடிவுக்கு வந்துட்டீங்களா?"

"இல்லைங்க. ஒரு கேள்வி இருக்கு," என்றார் இசில்மா.

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கேள்வியை எழுதி அனுப்புவதுதான் வழக்கம், தலைவி அவர்களே."

"எழுதினோம், மை லார்ட். மூணு தடவ எழுதினோம். எழுத்துல போட்டா அது வேற கேள்வியாயிடுது. வாயால கேக்க விடுங்க."

"கேளுங்கள். ஆனால் உங்களில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லக் கூடாது."

"அதச் சொல்ல மாட்டேன். கேள்வி இதுதான், மை லார்ட். சாயந்தரங்கறது சட்டமா, சங்கதியா?"

பார்வையாளர் வரிசையில் யாரோ குபுக்கென்று சிரித்தார். காவலர் அவரை முறைத்தார்.

"விளங்கவில்லை," என்றார் நீதிபதி.

"சட்டம்னா நீங்க சொன்னபடி எடுத்துக்கணும்னு சொன்னீங்க. சங்கதின்னா எங்க பொறுப்புன்னு சொன்னீங்க. சாயந்தரம் எந்தக் கூடையில போகுதுன்னு தெரியாம உள்ள உக்காந்திருக்கோம்."

"மாலை என்பது மாலைதானே, அம்மா."

"யாரோட சாயந்தரம், மை லார்ட்? உங்களோடதா, யூலாலி பாம்பியோடதா?"

அரசு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். ஜூரித் தலைவி சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டார் என்று ஆட்சேபித்தார். நீதிபதி கையை உயர்த்தி அவரை அமர்த்தினார், இசில்மாவைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். இசில்மாவின் கை கைப்பையின் பிடியை இறுக்கியிருந்தது. குரல் மட்டும் சந்தையில் இருப்பதுபோலவே இருந்தது.

"எங்க ஊர்ல மத்தியானம் சாப்பிட்டு எழுந்தா சாயந்தரம். ஆறு மணிக்குப் பேரு ராத்திரி. ஆனா இது கோர்ட்டு. கோர்ட்டுக்குள்ள வந்தா அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம்னு சட்டம் இருக்கான்னு எங்களுக்குத் தெரியாது. இருந்தா சொல்லுங்க, கட்டுப்படறோம். இல்லன்னா அதையும் சொல்லுங்க. யூலாலி சொன்னத நீங்க எழுதி வெச்சிருக்கீங்க. அத முழுசா ஒரு தடவ படிச்சிக் காட்டுங்க."

என் பக்கத்தில் வெர்லின் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ரெண்டு மணி," என்றார் விரல்களுக்குள்ளிருந்து. "ஐயோ டீச்சர், அவன் மலையில இருந்து எப்பவும் ரெண்டு மணிக்குத்தான் எறங்குவான். யாரும் கேக்கலையே."

எனக்கு என் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. என் வகுப்பில் இசில்மா பத்து வயதில் எழுதிய கட்டுரை ஒன்றிலும் அது ஓடியிருந்தது.

நீதிபதி ஜூரியை உள்ளே அனுப்பினார். பிறகு இரு வழக்கறிஞர்களுக்கும் இடையே நடந்த வாதம் அரை மணி நேரம் நீண்டது. தலைவியின் பேச்சைக் காரணம் காட்டி ஜூரியைக் கலைத்துப் புதிய விசாரணை நடத்த வேண்டும் என்றார் அரசு வழக்கறிஞர். சொல்லின் வழக்கமான பொருள் ஜூரியின் பொது அறிவுக்கு உட்பட்டது என்றார் செல்வி லாவியா; குறுக்கு விசாரணையில் முகம் சிவந்தவரா இவர் என்று வியக்குமளவுக்கு நிமிர்ந்து நின்று பேசினார். நீதிபதி எதையும் கேட்பதாகத் தெரியவில்லை. குறிப்பேட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார், விரலை வைத்துப் படித்தார், மறுபடியும் படித்தார்.

"செல்வி லாவியா," என்றார். "உங்கள் ஊர்ப் பள்ளி எத்தனை மணிக்கு விடும்?"

"அரசுப் பள்ளி எல்லாமே ரெண்டரைக்கு, மை லார்ட்."

"அரசு வழக்கறிஞர் இதை மறுக்கிறாரா?"

அவர் மறுக்கவில்லை. அவருடைய பிள்ளைகளும் அப்பள்ளிகளில்தான் படித்தார்கள்.

ஜூரி திரும்ப அழைக்கப்பட்டது. நான் பல ஆண்டுகளாக நீதிமன்றத்தில் அமர்ந்து வருகிறேன். ஒரு நீதிபதி தம் வாக்கியத்தைத் தாமே திருத்தியதை அன்றுதான் கண்டேன்.

"ஜூரி உறுப்பினர்களே," என்றார். "உங்கள் கேள்விக்கு விடை: சாயங்காலம் சட்டம் அல்ல, சங்கதி. சாட்சி பேசிய சொல்லுக்கு, அவரும் நீங்களும் வாழும் இடத்தில் என்ன பொருளோ அந்தப் பொருளை நீங்களே கொடுக்க வேண்டும். காலையில் நான் அதை அந்திப் பொழுது என்று சொன்னேன். சாட்சி அப்படிச் சொல்லவில்லை. அது என் சொல். அதை மனத்திலிருந்து நீக்கிவிடுங்கள். மூன்று சாட்சியங்களும் ஒரே நேரத்தைச் சுட்டுகின்றன என்று நான் சொன்னதும் அந்தத் தவறான சொல்லின்மேல் நின்றதே. அதையும் நீக்குங்கள்."

பிறகு யூலாலியின் சாட்சியத்தை முதலிலிருந்து கடைசிவரை, கண்ணாடி பற்றிய வரி உட்பட, நிதானமாகப் படித்தார். 'இஸ்கூல் கூட இன்னும் விடல' என்ற வரியை யூலாலி சொன்னபடியே படித்தார். அவருடைய வாயில் அது விசித்திரமாக ஒலித்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. கோஸ்மஸின் வாக்குமூலத்தையும் அவ்வாறே படித்தார்.

"இன்னொன்றும் உண்டு. அவர் வேறெங்கோ இருந்ததற்குச் சாட்சி அழைக்கவில்லை என்றேன். அதை அவருக்கு எதிராக எண்ணக் கூடாது. தாம் எங்கிருந்தார் என்பதை நிரூபிக்கும் கடமை அவருக்கு இல்லை. ஆறு மணிக்கு அங்கே இருந்தவர் இவர்தான் என்பதை அரசுத் தரப்பே உங்களுக்குக் காட்ட வேண்டும். நீங்கள் நிச்சயமாக உணர வேண்டும். இருக்கலாம் என்பது போதாது. இருக்கக்கூடும் என்பதும் போதாது. நிச்சயம் இல்லையென்றால், விடுவிப்பது உங்கள் கடமை. அது அவர்மேல் காட்டும் இரக்கம் அல்ல. தலைவி அவர்களே, இப்போது தெளிவாயிருக்கிறதா?"

"தெளிவா இருக்கு, மை லார்ட். காலையிலயே இப்படிச் சொல்லியிருந்தா கோழி சூடா இருந்திருக்கும்."

காவலர் திடுக்கிட்டு நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி ஸ்கீட் குனிந்து எதையோ எழுதினார். அவர் தோள் லேசாகக் குலுங்கியதாகவே எனக்குத் தோன்றியது.

இம்முறை அவர்கள் பதினெட்டு நிமிடங்களில் திரும்பினார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று இசில்மா இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை, கேட்பது முறையும் அல்ல. வெளியே கேட்டது ஒரு சொற்றொடர் மட்டுமே.

"குற்றவாளி இல்லை," என்றார் இசில்மா. "ஒன்பது பேரும்."

கோஸ்மஸ் உடனே நகரவில்லை. காவலர் கூண்டின் கதவைத் திறந்து, "போலாம்பா, இது உன் வீடு இல்ல," என்று சொன்ன பிறகே இறங்கினான். வெர்லின் அவனை அணைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "ரெண்டு மணின்னு சொல்லத் தெரியாதாடா உனக்கு? வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று அழுதுகொண்டே மீண்டும் அடித்தார்.

நீதிபதி அமர்வை ஒத்திவைக்கும்போது எழுத்தர் வழக்கப்படி நேரத்தைப் பதிவுக்காகக் கேட்டார். "மூன்று பத்து," என்றார் நீதிபதி. "பொழுதின் பெயரை ஜூரியிடம் விட்டுவிடுகிறேன்." அதற்குப் பிந்தைய வழக்குகளில், 'காலை' என்றோ 'சாயங்காலம்' என்றோ சொல்லும் சாட்சியை அவர் நிறுத்தி, "மணி எத்தனை?" என்று தாமே கேட்பதை நான் பல முறை கேட்டிருக்கிறேன். வக்கீல்கள் தமக்குள் புன்னகைத்துக்கொள்வார்கள். செல்வி லாவியா மட்டும் புன்னகைப்பதில்லை. அவர் நீதிபதிக்கு முன்பே கேட்டுவிடுவார்.

இஞ்சி மூட்டைகள் அந்த வாரப் படகைத் தவறவிட்டன. சனிக்கிழமை இசில்மா அவற்றை டவுன் சந்தையில் பரப்பி உட்கார்ந்திருந்தார். நான் அரை பவுண்டு இஞ்சி வாங்கிக்கொண்டிருந்தபோது, ஆல்ஸ்டன் ஹடாவே வந்து எதிரில் நின்றார். இடக்கை கழுத்திலிருந்து தொங்கிய கட்டில் இருந்தது. 

"நீதானே அந்தத் தலைவி."

"நான்தான்."

"என்ன வெட்டினவன விட்டுட்டீங்க."

"உங்கள வெட்டினவன் யாருன்னு எனக்குத் தெரியாது, மிஸ்டர் ஹடாவே. உங்களுக்குத் தெரியுமா?"

"அவனாத்தான் இருக்கும்."

"இருக்கும். இல்லாமயும் இருக்கும். நீதிபதி சொன்னத நீங்களும் கேட்டீங்க. 'இருக்கும்'கறதுக்குப் பன்னெண்டு வருஷம் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"என் கைக்கு யார் பதில் சொல்றது? இதப் பாரு. சட்டைக்குப் பொத்தான் கூட என் பொண்டாட்டிதான் போடறா. ஒங்க வார்த்தை வெளையாட்டுல என் கை திரும்பி வந்துடுமா?"

 இசில்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மற்றவர்கள் பார்ப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராது," என்றார். "அந்தக் கைக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கடைக்குப் பின்னால யார் வந்தான்னு போலீஸ் யூலாலிகிட்ட மட்டும் கேட்டாங்க. யூலாலி ரெண்டு மணிக்குப் பாத்தவனச் சொன்னா. அதோட அவங்க நோட்டை மூடிட்டாங்க. சாவு அறிவிப்பு ஓடிட்டிருந்தப்ப அங்க யார் இருந்தான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு வீட்டுலயும் கேக்கல. உங்கள வெட்டினவன நாலு மாசமா யாருமே தேடல, மிஸ்டர் ஹடாவே."

ஹடாவே அவரையே வெறித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான் அதை மறுப்பேன் என்பதுபோல. நான் ஆமென்று தலையசைத்தேன்.

"ஆறு மணிக்கு," என்றார் மெதுவாக.

"ஆறு மணிக்கு. மணியச் சொல்லுங்க. வேற எந்த வார்த்தையும் சொல்லாதீங்க."

அவர் இஞ்சி வாங்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கிராமத்து வேன் நிற்குமிடத்தை நோக்கிச் சில அடிகள் நடந்தவர், நின்று, திரும்பி, எதிர்த்திசையில் காவல் நிலையம் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தார்.